ஃபைல் சர்வரும் ஸ்ட்ராங் ரூம் சாவியும்

போன மாதம் எங்கள் வங்கி ஊழியர்களின் கூட்டுறவு சிக்கனக் கடன் சங்கத்தில் ஒரு கமிட்டிக் கூட்டம். உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கு, கடன் பத்திரங்களின் ஸ்கேன் நகல், ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றையும் வைத்திருக்கிற சர்வர் பொட்டிக்கு வயதாகிவிட்டது. புதிது வாங்க வேண்டும். மூன்று கொட்டேஷன் வந்திருந்தது. ஒருத்தர் விண்டோஸ் சர்வர் என்கிறார். இன்னொருத்தர் லினக்ஸ் போட்டால் லைசென்ஸ் காசு மிச்சம் என்கிறார். மூன்றாமவர் ட்ரூநாஸ் என்று ஒன்றைச் சொல்லி, டிஸ்க் செத்தாலும் டேட்டா சாகாது என்கிறார். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று நோட் போட வேண்டியவன் பொருளாளராகிய நான்.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் இஞ்சினியர் கிடையாது. ஆனால் வங்கியில் சேர்ந்த புதிதில் "இந்த மதராஸி பையனுக்கு கம்ப்யூட்டர் தெரியும்" என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியால் இருபது வருஷத்துக்கு மேலாக சர்வர் ரூம் சாவி ஏதோ ஒரு வகையில் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதனால் நோட் போடுவதற்கு முன்னால் பழைய கதையை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஃபைல் சர்வருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்ந்தெடுத்த கதை நாற்பது வருஷக் கதை. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் எதைக் கேட்டு வாங்கினார்கள், பிறகு எதற்காக வருத்தப்பட்டார்கள் என்று பார்த்தால் நமக்கு ஏதாவது பிடிபடும் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

2003 மே மாதம். நாக்பூரில் ஒரு கிளை. அந்த ஊரில் மே மாதம் என்றால் வெயில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கிளையில் ஏசி இருந்த ஒரே இடம் சர்வர் ரூம். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் அங்கே ஏதாவது வேலை வந்துவிடும். உள்ளே ஒரு பழுப்பு நிறப் பொட்டி. அதில் நாவெல் நெட்வேர் 3.12. யாரும் தொடாமல் விட்டால் திரையில் ஒரு பாம்பு நெளிந்துகொண்டிருக்கும். வேலை அதிகமானால் பாம்பு வேகமாக ஓடும். சர்வரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் பாம்பு ஓடினால் நல்லது என்பதுதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம். அப்போது கோர் பேங்கிங் எல்லாக் கிளைகளுக்கும் வரவில்லை. கிளையின் மொத்த லெட்ஜரும் அந்தக் கிளையின் ஃபைல் சர்வரில்தான் இருந்தது. 1984ல் அறிக்கை கொடுத்த ரங்கராஜன் கமிட்டி, 1989ல் அவர் தலைமையிலேயே வந்த இரண்டாவது கமிட்டி, ஊழியர் சங்கங்களுடன் போட்ட ஒப்பந்தங்கள் என்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த கணினிமயத்தை, மத்திய கண்காணிப்பு ஆணையராக இருந்த விட்டல் 1998ல் பிடித்துத் தள்ளினார். 2001 ஜனவரி 1க்குள் வணிகத்தில் 70 சதவீதம் கணினிக்கு மாறியாக வேண்டும் என்று உத்தரவு. அவசர அவசரமாகக் கிளை கிளையாகப் பொட்டிகள் இறங்கின. வாடிக்கையாளர் பணத்தின் கணக்கு, கனமான லெட்ஜர் புத்தகங்களிலிருந்து சில டிபிஎஃப் ஃபைல்களுக்குள் போய்விட்டது.

மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள் மாலை. டே எண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரைப் போடுவதற்குள் பாம்பு அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால் சர்வர் எழுந்தது, ஆனால் டேட்டா இருந்த வால்யூம் மவுண்ட் ஆகவில்லை. மறுநாள் ஏஎம்சி இஞ்சினியர் வந்து விரிப்பேர் என்ற ரிப்பேர் புரோகிராமை ஓட்டினார். ஃபைல்கள் திரும்ப வந்தன. ஆனால் சேமிப்பு லெட்ஜரில் பாதிக் கணக்குக்கு அன்றைய வரவு செலவு ஏறியிருந்தது, மீதிக்கு ஏறவில்லை. எது பாதி, எது மீதி என்பதும் தெரியவில்லை.

"பரவாயில்லை சார், டேப்பில் பேக்கப் இருக்கு" என்றேன் மேனேஜரிடம், பெருமையாக. தினமும் டேப் போட்டு, ரெஜிஸ்டரில் தேதி எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆடிட்டரே பாராட்டிய ரெஜிஸ்டர் அது. முந்தைய நாள் டேப்பைப் போட்டால் படிக்கவில்லை. அதற்கு முந்தையதும் படிக்கவில்லை. கடைசியாகப் படித்த டேப் பதினேழு நாள் பழையது. இத்தனை மாதத்தில் டேப்பில் எழுதினோமே தவிர, ஒரு நாளாவது அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. நான்கு மாதக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

அடுத்த நான்கு ராத்திரி பதினேழு நாள் வவுச்சர்களை உட்கார்ந்து திரும்பப் போஸ்ட் செய்தோம். மாத முடிவு, பென்ஷன் நாள். காலை ஒன்பது மணிக்கே பெரியவர்கள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல முடியவில்லை. எங்கள் ஹெட் கேஷியர், எல்லோருக்கும் அவர் காகா, முப்பது வருஷ சர்வீஸ். பாஸ்புக்கைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மேனேஜரிடம் இனிஷியல் வாங்கி ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை கொடுத்தார். என்னிடம், "பேட்டா, பயப்படாதே. வவுச்சர் கட்டு பத்திரமா இருக்கு. காகிதத்துக்கு கரண்ட் வேண்டாம்" என்றார். ஐந்தாம் நாள் ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆனது. நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்போது நான் திட்டியது நெட்வேரை. ஓட்டைச் சிஸ்டம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இஞ்சினியர் போகும்போது ஒரு விஷயம் சொன்னார். நெட்வேரில் டிடிஎஸ் என்று ஒன்று உண்டு. பாதியில் நின்ற பரிவர்த்தனையை, சர்வர் திரும்ப எழும்போது தானாகவே பின்வாங்கி, பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் எந்தெந்த ஃபைலுக்கு அது வேண்டும் என்று முதலிலேயே குறி போட்டு வைக்க வேண்டும். எங்கள் சர்வரில் எந்த ஃபைலுக்கும் யாரும் குறி போடவில்லை. சிஸ்டம் வாங்கியாகிவிட்டது, அதைத் தெரிந்த ஆள்தான் இல்லை. நெட்வேரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நெட்வேர் பிறந்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில். நாவெல் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி அங்கே கம்ப்யூட்டர் தயாரித்து விற்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தது. 1981ல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள சில இளைஞர்களை, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலைக்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ட்ரூ மேஜர், கைல் பவல், டேல் நைபர் ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். நெட்வொர்க் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் எழுதிய ஸ்னைப்ஸ் என்ற விளையாட்டு பிற்பாடு நெட்வேரோடு சேர்ந்தே வந்தது.

அன்றைக்கு டிஸ்க் மிக விலை உயர்ந்த பொருள். ஒரு டிஸ்க்கைப் பல பேர் பகிர்ந்துகொள்ள கோர்வஸ் போன்ற கம்பெனிகள் ஒரு வழி வைத்திருந்தன. அதற்கு டிஸ்க் சர்வர் என்று பெயர். டிஸ்க்கைத் துண்டு போட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிடுவார்கள். அந்தந்தக் கம்ப்யூட்டரே நேராக அதில் எழுதும். இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதினால் போச்சு. வாடிக்கையாளர் கையிலேயே லெட்ஜரைக் கொடுத்து, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பது மாதிரி. யூட்டா இளைஞர்கள் இதை மாற்றினார்கள். டிஸ்க்கை யாரும் தொடக்கூடாது, சர்வர் மட்டும்தான் தொடும். மற்றவர்கள் "இந்த ஃபைலைத் திற, இந்த வரியைப் பூட்டு, இதை எழுது" என்று கேட்க வேண்டும். அதாவது கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க். 1983ல் வந்த நெட்வேரின் அடிப்படை இதுதான். ஃபைல் சர்வர் என்கிற சொல்லுக்கு இன்றைக்கு இருக்கிற அர்த்தமும் இதுதான்.

நெட்வேர் ஃபைல் கொடுப்பதையே பிரதான வேலையாக வைத்து எழுதப்பட்டது. டாஸிலிருந்து எழும்பும், பிறகு மொத்தப் பொட்டியையும் தன் வசம் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் மெமரி முழுவதையும் டிஸ்க்கின் நகலுக்கு ஒதுக்கிவிடும். அடிக்கடி கேட்கிற ஃபைல் மெமரியிலிருந்தே வந்துவிடும். 1989ல் வந்த நெட்வேர் 386, அதற்குப் பின் 3.11, 3.12 எல்லாம் அந்தக் காலப் பொட்டிகளில் குதிரை மாதிரி ஓடின. 1990களின் தொடக்கத்தில் ஃபைல் சர்வர் சந்தையில் பாதிக்கு மேல் நாவெல் கையில். நம்மூரிலும் சிஎன்இ சர்டிஃபிகேட் வாங்கினால் வேலை நிச்சயம் என்று பையன்கள் அலைந்த காலம் அது. நிலைத்து நிற்பதில் அதற்கு இருந்த பெயருக்கு ஒரு சாட்சி: 1996 செப்டம்பரில் கிளப்பிய ஒரு நெட்வேர் 3.12 சர்வரை, இடையில் ஒரு முறைகூட நிறுத்தாமல் பதினாறரை வருஷம் ஓட்டி, 2013ல்தான் அணைத்தார்கள் என்று ஆர்ஸ் டெக்னிக்கா செய்தி போட்டது. நான் திட்டிய அதே 3.12.

அப்படியிருந்தும் தோற்றது. ஏன்?

வேகத்துக்காக அது விட்டுக்கொடுத்த ஒரு விஷயம் இருந்தது. நெட்வேரின் மேல் ஓடிய துணை புரோகிராம்களுக்கு என்எல்எம் என்று பெயர். அவை சிஸ்டத்தின் கருவோடு ஒரே அறையில், இடையில் சுவர் இல்லாமல் ஓடின. ஒன்று கோளாறு செய்தால் மொத்த சர்வரும் 'அபெண்ட்' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். ஃபைல் மட்டும் கொடுத்தவரை இது பெரிய தொல்லையாக இல்லை. ஆனால் 1990களின் நடுவில் ஜனங்கள் சர்வரில் டேட்டாபேஸ் வேண்டும், மெயில் வேண்டும் என்றார்கள். இன்டர்நெட் வந்தது. நெட்வேர் பேசியது ஐபிஎக்ஸ் என்ற தனி பாஷை. டிசிபி/ஐபியையே சொந்த பாஷையாகப் பேச 1998ல் நெட்வேர் 5 வர வேண்டியிருந்தது. நாவெல் அதற்குள் 1993ல் யூனிக்ஸை வாங்கியது, 1994ல் வேர்ட்பர்ஃபெக்டை வாங்கியது, 1996க்குள் இரண்டையும் விற்றும் விட்டது. கவனம் சிதறிய வருஷங்கள் அவை.

அந்த இடைவெளியில் நுழைந்தது விண்டோஸ் என்டி. டெக் கம்பெனியில் விஎம்எஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வேலை செய்த டேவ் கட்லரை 1988ல் மைக்ரோசாஃப்ட் இழுத்துக்கொண்டு வந்தது. 1993 ஜூலையில் என்டி 3.1, 1996ல் என்டி 4.0. ஃபைல் கொடுக்கும் வேகத்தில் நெட்வேருக்கு அது ஈடில்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். ஆனால் புரோகிராம்களுக்கு இடையே சுவர் இருந்தது. டேட்டாபேஸும் மெயிலும் அதே பொட்டியில் ஓடின. எல்லாவற்றையும் விட, திரை பார்ப்பதற்கு மேஜை மேல் இருக்கிற விண்டோஸ் மாதிரியே இருந்தது. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்த சிஎன்இயைத் தேட வேண்டாம், மௌஸ் பிடிக்கத் தெரிந்தவர் போதும் என்று நிர்வாகங்கள் நினைத்தன. பாதி உண்மை, பாதி ஏமாற்று. மௌஸ் பிடிக்கத் தெரிந்தவருக்கு டிடிஎஸ் குறி போடத் தெரியாது என்பது போலவே, என்டிஎஃப்எஸ் அனுமதிகளைச் சரியாகப் போடவும் தெரியவில்லை. எல்லா ஃபோல்டரும் எல்லோருக்கும் திறந்து கிடந்த என்டி சர்வர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நாவெல் 2003ல் சூசே லினக்ஸ் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. 2005ல் நெட்வேரின் சேவைகளை லினக்ஸ் மேலேயே ஓடவைத்தார்கள். 2010 மார்ச்சில் நெட்வேருக்குப் பொது ஆதரவு முடிந்தது. 2011ல் நாவெலே அட்டாச்மேட் கையில் போயிற்று. பிறகு மைக்ரோ ஃபோகஸ், 2023ல் ஓப்பன்டெக்ஸ்ட். நெட்வேரை நம்பி முதலீடு செய்தவர்கள் எல்லோரும் ஒருநாள் டேட்டாவை வெளியே எடுத்து வேறு இடத்துக்குக் குடிபோக வேண்டி வந்தது. வாங்கிய அன்று வேகத்தை அளந்தவர்கள் பலர். காலி செய்வதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் சொற்பம்.

இப்போது லினக்ஸ் பக்கம் வருவோம். இதில் எனக்குப் பிடித்த மனிதர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவர். 1991 டிசம்பரில், தன் டாஸ் கம்ப்யூட்டரிலிருந்து யூனிக்ஸ் பொட்டியின் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, இரண்டுக்கும் நடுவே கம்பியில் போகிற சமாச்சாரத்தை ஒட்டுக்கேட்டு, அதே பாஷையில் பதில் சொல்கிற ஒரு சர்வரை எழுதினார். பாஷை தெரியாத ஊரில் ஹோட்டலுக்குப் போய், பக்கத்து மேஜைக்காரர் என்ன சொன்னார், அவருக்கு என்ன வந்தது என்று கவனித்துக் கற்றுக்கொள்வது மாதிரி என்று அவரே விளக்கியிருக்கிறார். நான் நாக்பூரில் மராத்தி கற்ற விதமும் அதேதான், டீக்கடையில் :-)

அந்த பாஷைக்குப் பெயர் எஸ்எம்பி. ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்ட் வளர்த்தது. ட்ரிட்ஜெல் முதலில் வைத்த பெயர் வேறொரு கம்பெனியின் பெயரோடு மோதியது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் வார்த்தையை அகராதிக் கோப்பில் தேடினார். சாம்பா கிடைத்தது. சாம்பா ஓடுகிற லினக்ஸ் பொட்டியை மேஜை மேல் இருக்கும் விண்டோஸ் தன் இனத்தது என்றே நினைத்துக்கொள்ளும். லைசென்ஸ் காசு இல்லை, எத்தனை பேர் இணைந்தாலும் கணக்கு இல்லை.

1999 ஏப்ரலில் ஒரு சண்டை. மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம், மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்து நடத்திய சோதனையில், ஃபைல் சர்வராக என்டி 4.0 லினக்ஸை விட இரண்டரை மடங்கு வேகம் என்று அறிக்கை விட்டது. லினக்ஸ் ஆட்கள் கொதித்தார்கள். லினக்ஸைச் சரியாக ட்யூன் செய்யவில்லை, பொட்டி என்டிக்குத் தோதானது என்றார்கள். ஜூனில் லினக்ஸ் ஆட்களையும் வைத்துக்கொண்டு மறுபடி சோதித்தார்கள். அப்போதும் என்டிதான் முந்தியது. அதற்குப் பிறகு லினக்ஸ் ஆட்கள் செய்ததுதான் பாராட்டத்தக்கது. எங்கே அடைக்கிறது என்று பார்த்து 2.4 கெர்னலில் அதைச் சரிசெய்தார்கள். தோற்ற ஆடிட் ரிப்போர்ட்டைத் திருத்தப் பட்டியலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எங்கள் மாதிரிக் கிளைகளுக்கு அந்தச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நான்கு பிராசஸர், நான்கு நெட்வொர்க் கார்டு வைத்த பொட்டியில் நடந்த பந்தயம் அது. எங்களிடம் இருந்தது பன்னிரண்டு டெர்மினல். எங்களுக்கு வேண்டியது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதற்கு விடை. அன்றைய லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 ஃபைல் சிஸ்டம் அந்தக் கேள்வியில் பலவீனம். திடீரென்று அணைந்தால், திரும்ப எழும்போது டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம். டே புக் மாதிரி, செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பில் எழுதிவிட்டுச் செய்கிற ஜர்னல் முறை என்டிஎஃப்எஸில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. லினக்ஸில் ஈஎக்ஸ்டி3 மூலமாக அது 2001ல்தான் பரவலாக வந்தது. இரண்டரை மடங்கு வேகத்தைப் பற்றி உலகமே பேசியது. டே எண்டின் நடுவே கரண்ட் போவதைப் பற்றி யாரும் சோதனை நடத்தவில்லை.

சாம்பா கதையில் இன்னொரு கட்டம். எஸ்எம்பியின் உள் விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. 2004ல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, போட்டியாளர்களோடு ஒத்துப்போவதற்கான விவரங்களைக் கொடுக்கச் சொன்னது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில் பத்தாயிரம் யூரோ கட்டி சாம்பா குழுவினர் ஆவணங்களைப் பெற்றார்கள். பதினாறு வருஷம் ஒட்டுக்கேட்டுக் கற்ற பாஷைக்குக் கடைசியில் இலக்கணப் புத்தகம் கிடைத்தது. 2012ல் வந்த சாம்பா 4, விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி வேலையையும் செய்ய ஆரம்பித்தது. நம் டேட்டா ஒரே கம்பெனியின் பொட்டிக்குள் சிறைப்படாமல் இருக்க இதுபோன்ற ஆட்கள்தான் காரணம்.

மூன்றாவது கொட்டேஷன்காரர் சொன்ன ட்ரூநாஸ், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் மேல் நிற்கிறது. சன் கம்பெனி 2005ல் வெளியிட்டது. டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு, படிக்கும்போது ஒத்துப் பார்க்கும். தப்பாக இருந்தால், இன்னொரு டிஸ்க்கில் நகல் இருக்கும் பட்சத்தில் அதிலிருந்து சரிசெய்யும். ஒவ்வொரு என்ட்ரிக்கும் செக்கிங் ஆபீசர் மாதிரி. நினைத்த நேரத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்து, முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அருமையான சரக்கு. ஆனால் 2010ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது, சோலாரிஸ் கதவு மூடியது. இசட்எஃப்எஸ் பிழைத்தது அதன் மூல நிரல் முன்பே திறந்துவிடப்பட்டிருந்ததால்தான். ஃப்ரீபிஎஸ்டியும், பிறகு லினக்ஸும் அதைத் தூக்கிக்கொண்டன.

கடைசியாக 2017 மே மாதம். (மே மாதத்துக்கும் எனக்கும் ராசியில்லை.) 12ஆம் தேதி வானாக்ரை. எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்க விண்டோஸ் பொட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நிலைகுலைந்தன. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லேயே பேட்ச் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். லினக்ஸ் நண்பர்கள் கேலி செய்து முடிப்பதற்குள், அதே மாதம் 24ஆம் தேதி சாம்பாவில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. 2010லிருந்து அங்கேயே இருந்த ஓட்டை. ஆக, யாரும் யாரையும் கேலி செய்வதற்கில்லை.

ஓசி என்று நம்பினாலும் அதற்கும் ஆயுசு பார்க்க வேண்டும். ரெட்ஹேட்டின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8ஐ, 2029 வரை ஆதரவு என்று நம்பி நிறுவினார்கள். 2020 டிசம்பரில், 2021 முடிவோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். அல்மா, ராக்கி என்று மாற்றுகள் உடனே முளைத்தன, குடிபோவதும் சுலபமாக இருந்தது. அதுவும் ஒரு பாடம்தான். ஆயுசு குறைந்தது, ஆனால் காலி செய்யும் செலவு சொற்பம்.

இதையெல்லாம் புரட்டி முடித்தபோது எனக்குத் தோன்றியது இது. நெட்வேர், என்டி, லினக்ஸ், சோலாரிஸ் எதுவும் ஃபைல் கொடுக்கத் தெரியாமல் தோற்கவில்லை. எல்லாமே நன்றாகக் கொடுத்தன. ஜனங்கள் வாங்கும்போது கேட்ட கேள்வி 'எது வேகம், எது மலிவு'. பிற்பாடு அவர்களை அழவைத்த கேள்விகள் வேறு. விழுந்தால் தூக்கிவிட இந்த ஊரில் ஆள் இருக்கிறதா? எத்தனை வருஷம் பேட்ச் வரும்? காலி செய்ய வேண்டி வந்தால் டேட்டா எந்த உருவத்தில் வெளியே வரும்? இந்த மூன்றுக்கும் கொட்டேஷனில் காலமே கிடையாது.

நோட்டில் இப்படித்தான் எழுதினேன். தினசரி வேலைக்கான சர்வர் விண்டோஸ். காரணம், உறுப்பினர்களின் பொட்டிகள் எல்லாம் விண்டோஸ், இந்த ஊரில் அதைத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் எங்களுக்குக் கிடைப்பார்கள், ஒவ்வொரு பதிப்புக்கும் பத்து வருஷ ஆதரவு தேதி போட்டு எழுதியிருக்கிறது. நகல் வைக்கிற இரண்டாவது பொட்டி இசட்எஃப்எஸ், மணிக்கொரு ஸ்னாப்ஷாட். இரண்டும் வேறு குடும்பம், வேறு பாஸ்வேர்டு, வேறு ஆள். ஒன்றின் ஓட்டை வழியாக வருகிறவன் இன்னொன்றுக்குள்ளும் சுலபமாகப் போகக்கூடாது. நம் ஸ்ட்ராங் ரூமை ஒரு சாவியால் திறக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஜாயிண்ட் கஸ்டடி. நூறு வருஷத்துக்கு மேலாக வங்கிகள் பின்பற்றுகிற புத்திதான், நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது நகல் ஒன்று கட்டடத்துக்கு வெளியே, கம்பியில் இணையாமல்.

லினக்ஸ் கொட்டேஷன்காரருக்கு வருத்தம். அவர் சொன்னதில் தப்பில்லை. லினக்ஸ் தெரிந்த ஒரு பையன் எங்கள் சங்கத்தில் வேலையில் இருந்திருந்தால் என் நோட் வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரே ஒரு ஆளை நம்பி, அவர் ட்ரான்ஸ்ஃபரில் போனால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். வங்கியில் ட்ரான்ஸ்ஃபர் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உள் தணிக்கையாளர் முன்னிலையில், நகலிலிருந்து அவர் கைகாட்டுகிற ஐந்து கடன் கோப்புகளைத் திரும்ப எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால்தான் ரெஜிஸ்டரில் கையெழுத்து. "இது எதற்கு சார், பேக்கப் சாஃப்ட்வேரே சக்ஸஸ் என்று காட்டுமே" என்றார் கமிட்டியின் இளைய உறுப்பினர். 2003ல் என் டேப்பும் சக்ஸஸ் என்றுதான் காட்டியது என்றேன். நிபந்தனை பாஸ் ஆனது.

காகா ரிடையர் ஆகிப் பல வருஷமாகிறது. அவரும் சங்கத்தில் உறுப்பினர்தான், கொஞ்சம் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறார். போன ஞாயிறு வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பேட்டா, வவுச்சர் கட்டை எங்கே வைக்கப்போறே?" என்றார். நோட்டில் அதைச் சேர்க்க மறந்திருந்தேன். திங்கட்கிழமை சேர்த்துவிட்டேன்.

டிஸ்கி: உங்கள் ஆபீஸுக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லவரவில்லை. உங்கள் ஊரில் எந்தப் பொட்டியைத் தூக்கிவிட இரண்டு பேர் இருக்கிறார்களோ அதை வாங்குங்கள். ஆனால் இன்றைக்கே ஒரு ஃபைலைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.